முழிச்சிருக்கியா?

புயலில் கரண்ட் போய்விட்டது. அலமாரியில் கிடந்த பெரிய போனும் பட்டன் போனும் டவரைத் தேடித்தேடியே சார்ஜைத் தீர்த்துக்கொண்டிருந்தன. வீட்டுக்காரம்மா மகளுக்குப் பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வரவேண்டும்.

“எதுக்குக்கா ரெண்டு பேரும் தேடணும்? முதல்ல நான் பாக்குறேன், நீ தூங்கு. டவர் வந்தா எழுப்புறேன்” என்றது பட்டன் போன்.

பெரிய போன் கண்ணை மூடிய வேகத்தில் திறந்தது. “ஏய், முழிச்சிருக்கியா?”

“முழிச்சுத்தான் இருக்கேன்.”

சற்று நேரத்தில் மறுபடியும், “தூங்கிடலையே?”

“அட, நீ தூங்குக்கா!”

“நான் தூங்கி, நீயும் தூங்கிட்டா?”

இப்படியே மத்தியானம் ஆயிற்று. டவர் வந்ததும் பட்டன் போன் மணியடித்தது.

“பொண்ணு பொறந்திருக்கு அத்தை! போட்டோவைப் பெரிய போனுக்கு அனுப்பியிருக்கேன், பாருங்க” என்றார் மருமகன்.

“அக்கா, எழுந்திரு!”

பொட்டுச் சார்ஜ் இல்லாமல் அக்கா அப்போதுதான் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.