குடும்பத் தலைவரின் கருத்து

"ஒங்க வீட்டுல கார் இருக்கா?"

"ரெண்டு இருக்குன்னு போடு."

"நாய் வளக்குறீங்களா?"

"சேச்சே, இல்லைன்னு போடு. இரு, இரு. இந்தக் கம்பெனிக்காரன் என்ன விக்கிறான்?"

"நாய்த் தீனிங்க."

"அப்ப ஒண்ணு இருக்குன்னு போடு. பெரிய நாயா போடு."

ஷமீமா சிரிப்பை அடக்கிக்கொண்டு போனில் தட்டினாள். ஜெகதாப்பட்டினத்தில் அவர்கள் வீட்டு வாசலில் நின்றது ஒரே ஒரு பழைய மொபெட். தெரு நாய்கூட அதன் நிழலில் படுப்பதில்லை.

போனில் வரும் சர்வேக்களுக்குப் பதில் சொன்னால் பாயிண்ட் தருவார்கள். பாயிண்ட் சேர்ந்தால் கடைக் கூப்பன். போன மாதம் அப்படித்தான் ஒரு தோசைக்கல் வந்தது. ஆனால் ஷமீமாவின் சிம் கார்டு கணவர் உமர் பாரூக்கின் பேரில் இருந்ததால் அவர் பேரிலேயே பதிந்துவிட்டாள். கம்பெனிக்காரனும் குடும்பத் தலைவரிடம்தான் கேட்டான். ஷேவிங் சோப்பு எது, டயர் எது, வங்கி எது?

முதலில் உமர் பாரூக் கத்தினார். "பொய் சொல்லி வாங்குற சாமான் வீட்டுக்கு ஆகுமா?"

அப்புறம் ருசி கண்டுவிட்டார். ஐஸ் கம்பெனியில் அவரிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. ஐஸ் இருக்கா என்று மட்டும் கேட்பார்கள். மீன்பிடித் தடைக்காலம் வந்து படகுகள் கரையில் கட்டிக் கிடந்தபோது அந்தக் கேள்வியும் நின்றுபோனது. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று அவரிடம் சொன்னது அந்தப் போன் ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் மகள் ரிஃபானாவுக்குத் திருச்சியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது.

மணமேல்குடியிலிருந்து வந்திருந்த அக்கா சம்சுன் நிஹார் கேட்டார். "வயசுப் புள்ளைய ஹாஸ்டல்லயா விடப் போறே, தம்பி?"

"நான் விடுவேனாக்கா?" என்றார் உமர் பாரூக்.

அவ்வளவுதான். அக்கா முன்னால் சொன்ன சொல்லை அவர் என்றைக்கும் திரும்ப எடுத்ததில்லை. கட்டப் பணம் இருந்தது, மனம்தான் இல்லை. ஷமீமா கெஞ்சினாள், அழுதாள், குழம்பில் உப்பைக் குறைத்தாள். சர்வே நினைப்பே அவளுக்கு விட்டுப்போனது. ரிஃபானா யாரோடும் பேசாமல், மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

இடத்தை உறுதி செய்ய இன்றே கடைசி நாள்.

மத்தியானச் சோறு முடிந்ததும் ஷமீமா போனோடு வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, பெரிய சர்வே வந்திருக்கு. படிப்பைப் பத்தி. பாயிண்ட் நெறைய."

உமர் பாரூக் கைலியைச் சரிசெய்துகொண்டு கால்மேல் கால் போட்டார். "கேளு."

அவள் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். அதில் ஒரு ரோஜாப் பூ படத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. கேள்விகளை எல்லாம் கத்தரிக்காய் நறுக்கும்போதே தயார் செய்திருந்தாள்.

"பெண்கள் படிக்கணும். முழுமையா ஏற்கிறேன், ஓரளவு ஏற்கிறேன், ஏற்கவில்லை."

"முழுமையா ஏற்கிறேன். இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"வெளியூரு போயும் படிக்கலாம்."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் ரோஜாப் பூவையே பார்த்தாள்.

"பெரிய எடத்துல எல்லாம் என்ன போடுவாங்க?"

"முழுமையா ஏற்கிறேன்னுதான்."

"நம்ம மட்டும் கொறைச்சலா? அதையே போடு."

"ஹாஸ்டல்ல தங்கி?"

"பின்னே, பஸ் ஸ்டாண்டுலயா தங்கும்? போடு."

"குடும்பத்துல மூத்தவங்க வேணாம்னா, ஒண்ணு, அவங்க சொல்றபடி கேப்பேன். ரெண்டு, பக்குவமா எடுத்துச் சொல்லுவேன்."

"இப்படியெல்லாமா கேக்குறான்?"

"வெளிநாட்டுக் கம்பெனிங்க. துருவித் துருவித்தான் கேப்பான்."

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். "ரெண்டாவதைப் போடு."

"கடைசிக் கேள்வி. ஒங்க வீட்டுலயே அப்படி ஒரு பொண்ணு இருந்தா?"

பக்கத்து அறையில் துணி மடிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

"சேத்து விடுவேன்னு போடு" என்றார் மெதுவாக.

ஷமீமா போனைக் கீழே வைத்தாள். "அப்பச் சட்டையைப் போடுங்க."

"எதுக்கு?"

"ரெண்டு காரும் பொய்யி. நாயும் பொய்யி. இதுவும் பொய்தானாங்க? எவனோ கேட்டா ஒரு நியாயம், பெத்த புள்ளைக்கு ஒரு நியாயமா?"

உமர் பாரூக் துண்டை உதறித் தோளில் போட்டார். "பொம்பளைக்குப் போனு வாங்கிக் குடுத்தேன் பாரு, என்னையச் சொல்லணும்!" என்று கத்தினார். கத்திக்கொண்டே அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பதில் குடுத்தாச்சு. இனிமே மாத்துனா கேஸாயிருமாம். என்ன செய்யச் சொல்றீங்க?"

அந்தப் பக்கம் அக்கா அரண்டுபோனது ஷமீமாவுக்கே கேட்டது. இப்படியும் ஒரு மனுஷன் ஏமாறுவாரா என்று அவளுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

காலேஜுக்குப் பணம் கட்ட வங்கிக்கு மொபெட் கிளம்பியது. பின்னால் ரிஃபானா, மடியில் சர்டிபிகேட்டுகளோடு, அத்தாவின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். தெருமுனைக்குப் போகுமுன் வண்டியை நிறுத்தி உமர் பாரூக் திரும்பினார்.

"ஷமீமா! ஒன் போனுக்கு ரீசார்ஜ் முந்தாநாளே முடிஞ்சிருச்சுன்னு எனக்கு மெசேஜா வந்துக்கிட்டு இருக்கு. வரும்போது போட்டுட்டு வாரேன். நெட்டே இல்லாத போனுல இம்புட்டுக் கேள்வி கேட்டிருக்கான்னா, ஒன் கம்பெனிக்காரன் கெட்டிக்காரன்தான் புள்ள!"