நிலானியின் டம்ளர்

பால், தயிர், நெய் எல்லாவற்றையும் சுகந்தி விட்டு மாதக்கணக்காகிவிட்டது. அவள் சாப்பிடும் பசும்பால் தாய்ப்பால் வழியாகப் போய்க் கைக்குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிஸ்கட்டைக்கூட உறையைப் படித்துப் பார்த்துத்தான் பிரிப்பாள். ஆனாலும் சனிக்கிழமைதோறும் மகனின் கன்னம் தடித்துச் சிவந்தது. மலத்தில் ரத்தக் கோடு தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை என்ன சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"விசேஷமா ஒண்ணுமில்ல டாக்டர்."

கணவன் குணாளன் தயங்கிச் சொன்னான். "படையல் பால் குடிப்பியே, சுகந்தி."

அவள் அவனை வெறித்துப் பார்த்தாள். "அது நிலானி குடிச்ச மிச்சம். அது எப்படிங்க பாலாகும்?"

நிலானி அவர்களுடைய மூத்த மகள். நடை பழகிய வயதில் காய்ச்சலில் போனவள். வெள்ளிக்கிழமைதோறும் அவள் படத்துக்கு முன்னால் அவளுடைய சின்ன வெள்ளி டம்ளரில் பால் வைத்து, விளக்கு மலையேறியதும் எடுத்துக் குடிப்பது சுகந்தியின் வழக்கம். ஒரு சொட்டுக்கூடக் கீழே ஊற்றியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை குணாளன் வீட்டுக்குப் பாலே வாங்கவில்லை. விளக்கேற்றிய பிறகு பார்த்தால் டம்ளர் நிறைந்திருந்தது.

"ஏது பால்?"

சுகந்தி ரவிக்கைக் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தாள். தொட்டிலில் மகன் பசித்து வீறிட்டான். குணாளன் அவனைத் தூக்கி வந்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பொறுடா கண்ணா. அக்கா குடிச்சு முடிக்கட்டும்."