சிவப்பு விளிம்புத் தட்டு

"எழுந்திருக்காதே, உக்காரு! வண்டியைச் சந்துல ஒளிச்சு வெச்சா எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

மோட்டோ டாக்ஸி என்னும் மூன்று சக்கர வண்டி ஓட்டும் ரோனால் எழுந்தேவிட்டான். எதிரே நின்றது வருங்கால மாமியார் எடெல்மிரா.

பெரு நாட்டின் லீமா நகரத்துக் குன்றின் மேல் இருக்கும் சுகாதார நிலையம் அது. காசநோய் அறைக்குப் பின்பக்கம் தனி வாசல். காத்திருப்பவர்களுக்கு வெட்டவெளியில் பெஞ்சு. காலை ஏழு மணிக்கே ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க அத்தை."

"யாருடா உனக்கு அத்தை? ஆறு மாசமா தினம் காலையில இங்க வர்றியாமே! பழக்கடைக்காரி சொன்னப்போ நான் நம்பல. இப்போ கண்ணால பாத்துட்டேன். மூணு வாரத்துல கல்யாணத்தை வெச்சுக்கிட்டு என் மககிட்ட மறைச்சிருக்கியே, நீயெல்லாம் மனுஷனா?"

"யோவானாவுக்கு எல்லாம் தெரியும் அத்தை."

"அவளைத்தான் மயக்கி வெச்சிருக்கியே! குளிர்காலம் பூரா, பனித்தூறல் உள்ள அடிக்க அடிக்க ஜன்னலைத் திறந்து வெச்சுத் தூங்குறா. உன் வண்டிச் சத்தம் கேக்கணுமாம். அண்ணன் பிறந்தநாளுக்கு ஒரு வாய் பீர் தொடல. நீ போட்ட கட்டளைதானே?"

ரோனால் சிரிப்பை அடக்கிக்கொண்டான். பெஞ்சில் இருந்த கிழவர் அடக்கவில்லை.

எடெல்மிராவுக்குச் சந்தேகம் என்று எதுவும் வந்ததில்லை. அவளுக்கு வருவதெல்லாம் நேரே முடிவுதான். அவள் தெருவின் பொதுச் சமையல்கூடமே அவள் சொல்படிதான் நடந்தது. பையிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். விளிம்பு முழுக்கச் சிவப்பு நகப்பூச்சு.

"என் சமையல்கூடத்துல இந்த நோய்க்காரங்களுக்கு இதுதான் தட்டு. சொந்தம், பந்தம்னு யாருக்கும் சலுகை கிடையாது. போன வருஷம் என் கூடப் பொறந்தவளுக்கே இதுலதான் போட்டேன். அழுதுக்கிட்டே தின்னா. இனிமே இது உனக்கு. கல்யாணத்தை மறந்துடு."

"தட்டு வழியா இது பரவாது அத்தை. மூடின அறையில, இருமுற காத்து வழியாத்தான் பரவும். மருந்தை ஒழுங்கா சாப்பிட்டா முழுசா குணமாயிடும்."

"பாத்தீங்களா, டாக்டர் கெட்டான் போங்க! நோய் வந்தவனுக்குத்தானே இவ்வளவு விவரம் தெரியும்?" என்று பெஞ்சுக்காரர்களிடம் முறையிட்டாள் எடெல்மிரா. "என் வீட்டுல ஒருத்தருக்கும் இந்தக் கண்றாவி கிடையாது. எழுதிக் குடுத்த காகிதமே இருக்கு. சமையல்கூடத்துல வேலை செய்யறவங்க நெஞ்சுப் படம் எடுக்கணுமாம். யோவானாதான் எங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா. மத்த சமையல்காரிங்க ஒருத்தியும் எடுக்கல. எங்க வீட்டுல மட்டும் எல்லாரும் எடுத்தோம். அவ்வளவு பொறுப்பு என் பொண்ணுக்கு!"

"பொறுப்புதான்" என்றான் ரோனால். அவன் குரலில் கொஞ்சமும் பயமில்லை. "அதனாலதான் சொல்றேன், கல்யாணம் நடக்கும் அத்தை. நீங்களே முன்னால நின்னு நடத்துவீங்க."

"இந்தத் தட்டு மேல சத்தியமா நடத்த மாட்டேன்!"

அறைக் கதவு திறந்தது. நர்ஸ் சோய்லா தலையை நீட்டினாள்.

"ரோனால், சீக்கிரம் வா. கடைசி மாத்திரை! ஆறு மாசம் ஒருநாள் தவறாம வந்துட்டு, இன்னிக்குக் கை தட்ட நீ இல்லாம எப்படி?"

"கேட்டீங்களா, நர்ஸே சொல்லிட்டாங்க! ஆறு மாசம்!" வெற்றிக் களிப்போடு தட்டை உயர்த்திப் பிடித்தபடி அவனை முந்திக்கொண்டு உள்ளே நுழைந்தாள் எடெல்மிரா.

நோயாளி நாற்காலியில், தையல் பட்டறைக்குப் போயிருக்க வேண்டிய யோவானா உட்கார்ந்திருந்தாள்.

உள்ளங்கையில் இருந்த மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு அம்மாவையும் தட்டையும் பார்த்து, அமைதியாகக் கையை நீட்டினாள்.

"கொடும்மா. அது எனக்கு வரவேண்டிய தட்டு."