வழியனுப்ப வந்த இருபத்தேழு பேர்

செவல்குளம் விமான நிலையத்தில் எத்தனை விமானம் விடுவது என்பதைக் கூடத்தில் தொங்கும் இயந்திரக் கண்தான் முடிவு செய்யும். தினமும் ஐந்து மணிக்கு, ஊழியர்கள் நீங்கலாக, உள்ளே நிற்கும் தலைகளை எண்ணும். முப்பதுக்குக் குறைந்தால் மும்பை விமானத்தைப் பிடுங்கி வேறு ஊர் நிலையத்துக்குக் கொடுத்துவிடும். கவுண்டரில் இருக்கும் பேச்சிக்கனியின் வேலையும் அதோடு போகும். அவள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள்.

அன்று பயணிகள் ஒன்பதே பேர். அவர்களில் ஒருவனான தவசியை வழியனுப்ப மட்டும் இரண்டு வேனில் இருபத்தேழு பேர் வந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் இல்லாதவர்களை விரட்டுவதும் அவள் வேலைதான். ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் கதவை அகலத் திறந்தாள்.

“எல்லாரும் உள்ள வந்து அழுங்க!”

“போன மாசம் வெரட்டுனியே, தாயி?” என்றார் தவசியின் பெரியப்பா.

“அப்ப எனக்குப் புத்தியில்ல. வெரசா வாங்க!”

கண் சுழன்றது. “முப்பத்தாறு பேர். ஊர் வளர்கிறது. நாளை முதல் மும்பைக்கு இரண்டு விமானங்கள்.”

கூடமே கைதட்டியது. பேச்சிக்கனி மட்டும் தலையில் கைவைத்தாள். “போச்சு! இனி தினம் அறுபது தலைக்கு நான் எங்க போவேன்?”

“இதுக்கா கவலப்படுத?” பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “தாய்மாமன் வீட்டுக்கு நாங்க இன்னும் சொல்லிவிடவே இல்லையே!”