இரண்டாவது வரி

"சார், மறுபடியும் வந்து நிக்கிறீங்களே? விளையாடாதீங்க, பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க" என்றாள் பதிவு மேசையில் இருந்த பெண்.

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. டேட்டாபேஸ் வேலை செய்பவர்களின் சங்கத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சங்கத்தின் பயிற்சி நாளில் முதல் வகுப்பு பத்து வருடமாக அவருடையது. பட்டியலில் ஒரே ஆள் இரண்டு முறை ஏறிவிட்டால் எப்படிக் களைவது என்பதுதான் பாடம். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விதியை ஒப்பிப்பார்.

"மறுபடியுமா? இப்பதாம்மா வர்றேன். என் பேர் அட்டையைக் குடு."

"அரை மணி நேரம் முன்னாடி நீங்கதானே கையெழுத்துப் போட்டு வாங்குனீங்க? இந்தாங்க, நீங்களே பாருங்க."

அவர் கையெழுத்தேதான். கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து மேலே இழுத்திருந்தது.

"எவனோ என் பேரைச் சொல்லி உள்ள புகுந்திருக்கான்!"

கதவின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். மேடையருகே ஒருவன் குனிந்து லேப்டாப்பைத் திறந்துகொண்டிருந்தான். அவர் போட்டிருந்த அதே நீலச் சட்டை. அவன் நிமிர்ந்தபோது நெஞ்சுக்கு நேராக ஒரே ஒரு வெள்ளைப் பட்டன் தெரிந்தது. நீலப் பட்டன் கிடைக்காமல், காலையில் மனைவி முணுமுணுத்துக்கொண்டே தைத்துக் கொடுத்தது. அதற்கு மேலே இருந்தது, தினமும் சவரம் செய்யும்போது அவர் பார்க்கிற முகம்.

வாத்தியார் உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

"என்னங்க, வந்து சேர்ந்துட்டேன்னு இப்பதானே பேசுனீங்க? அதுக்குள்ள என்ன?" என்றாள் மனைவி.

"ஐயோ, அது நான் இல்லம்மா!"

"சரி சரி, மேடை ஏறணும்னாலே உங்களுக்கு உதறும்னு எனக்குத் தெரியாதா? கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டுப் போங்க." வைத்துவிட்டாள்.

இன்றைக்கு வகுப்பு போகும், சாயங்காலம் வீடும் போகும் என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மனைவி கதவைத் திறந்து அவனைத்தான் உள்ளே விடுவாள்.

மேசைப் பெண் கணினியைப் பார்த்துச் சிரித்தாள். "கண்டுபிடிச்சுட்டேன் சார். உங்க பேரு ரெண்டு வரியா ஏறியிருக்கு. பதிவு பண்றப்ப பட்டனை ரெண்டு தடவை அமுக்கிட்டீங்களா?"

அமுக்கியிருந்தார். நேற்று பதிவுப் பக்கம் நகராமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பொறுமையில்லாமல் இன்னொரு தட்டுத் தட்டினார். ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவர் செய்கிற காரியமா அது?

"அதான் அவன் வந்துட்டான்! ரெண்டுல ஒரு வரியை உடனே அழிச்சிடும்மா. அவன் மேடை ஏறுறதுக்குள்ள!"

"எந்த வரியை சார்?"

பதறிக்கொண்டிருந்தாலும் வாத்தியார் வாத்தியார்தான். அவர் வாய் தானாக ஒப்பித்தது. "இதுகூடவா கேப்பாங்க? முதல்ல வந்தது இருக்கட்டும், அப்புறமா வந்ததை அழி."

அவள் ஒரு தட்டுத் தட்டினாள். நிமிர்ந்து, மேசைக்கு முன்னால் காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, "அடுத்தவங்க வாங்க" என்றாள்.