முதல் நாள் முதல் காட்சி

“முப்பத்தெட்டு வருஷமா சொன்னதெல்லாம் பொய்யா? எப்படி மனசு வந்துச்சு?”

வெண்டல் மேசையில் குத்திய குத்தில் காபி தளும்பியது. பக்கத்து மேசையில் சூப் குடித்துக்கொண்டிருந்த இருவர், குடும்பத் தகராறு நமக்கெதற்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“மெதுவா பேசு வெண்டல். வெறும் சினிமாதானே,” என்றாள் அவர் மனைவி மார்லிஸ்.

சினிமாதான். ஆனால் ‘உப்புக் கோள்’ என்றால் வெண்டலுக்கு உயிர். ஐந்து பாகங்களிலும் எந்த விண்கலம் எந்த வருஷம் கிளம்பியது, உப்புக்குள் பதுங்கியிருக்கும் அந்த ஜந்து யார் யாரைத் தின்றது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இன்று மத்தியானம் எதிரே இருக்கும் தியேட்டரில் இருவரும் பார்த்துவிட்டு வந்தது ஆறாவது பாகம். முதல் பாகத்துக்கு முப்பது வருஷம் முன்னால் நடக்கும் கதை.

“முதல் பாகத்துல கேப்டன் என்ன சொல்றான்? ‘நமக்கு முன்னாடி இங்க ஒரு மனுஷன் கால் வெச்சதில்ல’ன்னு சொல்றானா இல்லையா? இப்ப பாத்தா ஒரு பட்டாளமே போய்க் கூடாரம் போட்டு உக்காந்திருக்கு. அதுல அவனோட அம்மாவும் இருக்கா! முழுப் பூசணிக்காய இப்படியா சோத்துல மறைப்பானுங்க?”

“அவனுக்குத் தெரியாம இருந்திருக்கலாம்.”

“பெத்த அம்மா எங்க போனான்னு தெரியாதா? நீ என்ன அவனுங்களுக்கு வக்கீலா? அதான் முதல் நாளே ஈ ஓட்டுறானுங்க. நம்மளச் சேத்து அஞ்சே பேரு! ரசிகனுக்கு ரோஷம் இருக்குல்ல, எவனும் வரல.”

மார்லிஸ் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். வெண்டல் அவள் வாங்கிக் கொடுத்திருந்த புது நோட்டைப் பிரித்து, பிழை ஒன்று, பிழை இரண்டு என்று எழுதத் தொடங்கினார். படம் பார்த்த கையோடு இந்த உணவகத்தில் உட்கார்ந்து புளூபெர்ரி பை பலகாரம் தின்றுகொண்டே பிழைப் பட்டியல் போடுவது அவர்கள் வழக்கம்.

பதினோராவது பிழையில் பேனா நின்றது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதர் அவர். திரையில் நடப்பது மட்டும்தான் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது.

“மார்லிஸ், அந்தக் குழாய்க்குள்ள இருந்து ஜந்து பாயுதே, அப்ப நீ கண்ண மூடிக்கிட்ட.”

“பயந்தா மூட மாட்டாங்களா?”

“பயந்து மூடல. அது வர்றதுக்கு முன்னாடியே மூடிட்ட. சத்தமில்ல, இசையில்ல, படத்துல அந்தப் பொண்ணு தேமேன்னு தண்ணி குடிச்சிட்டிருக்கா. அப்பவே மூடிட்ட.”

மார்லிஸின் கரண்டி கோப்பையிலேயே நின்றது.

“அது மட்டுமா, தியேட்டர் பாப்கார்ன் கவுண்டர்ல இருந்த பொண்ணு! நீ வாயே தொறக்கல. வெண்ணெய் போடாத பாப்கார்ன், ஐஸ் போடாம எனக்கு ரூட் பியர் சோடா... தானா எடுத்து வெச்சா. உன்ன அவளுக்கு நல்லாத் தெரியுது.”

“பனி கொட்ட ஆரம்பிச்சிடுச்சு வெண்டல். வீட்டுக்குப் போயிடலாமே.”

“பேச்ச மாத்தாத. நேத்து சாயங்காலமே சிறப்புக் காட்சி போட்டிருப்பான். நீ போயிருக்க.”

மார்லிஸ் இல்லை என்று சொல்லவில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

இருவரும் சந்தித்ததே முதல் பாகத்தின் டிக்கெட் வரிசையில்தான். டுலூத் நகரத்து ஏரிக்காற்றில் நடுங்கிக்கொண்டிருந்த மார்லிஸுக்குத் தன் கையுறைகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார் வெண்டல். எந்தப் பாகம் வந்தாலும் சேர்ந்துதான் பார்ப்பது, ஒருவரை விட்டு ஒருவர் முந்திக்கொள்வதில்லை என்று அன்றே பேச்சு. நாலாவது பாகம் வெளியானபோது அவளுக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை. தொழிற்சாலையில் யாராவது கதையைச் சொல்லித் தொலைப்பார்கள் என்று, வெண்டல் பதினோரு நாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தார்.

அப்படிப்பட்டவர் இப்போது பேனாவை மூடி வைத்தார். சினிமாக்காரன் ஏமாற்றினால் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். இவளை என்ன செய்வது?

“அவனுங்க பொழப்புக்குப் பொய் சொல்றானுங்க. உனக்கு என்ன வந்துச்சு? பக்கத்துல உக்காந்து, என் கையப் புடிச்சிக்கிட்டு, புதுசா பாக்கற மாதிரி நடிச்சியே மார்லிஸ்!”

மார்லிஸின் கண்கள் நிறைந்துவிட்டன. “ஆமா. நடிச்சேன். முன்னாடியே பாத்துட்டேன்.”

“எத்தன தடவ?”

“மூணு தடவ.”

“மூணா!” வெண்டலுக்கு மூச்சு வாங்கியது. “தனியாவா போன?”

இல்லை என்று தலையசைத்தாள்.

“அப்ப யாரோடயோ போயிருக்க.” அவர் குரல் உடைந்தது. சூப் குடித்துக்கொண்டிருந்தவர்கள் மறுபடி திரும்பிப் பார்த்தார்கள். “சொல்லு, யார்கூட?”

மார்லிஸ் நோட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“உன்கூடத்தான், மூணு தடவையும். நீ பிழை எழுதின மூணு நோட்டும் வீட்டுல இருக்கு.”