கடைசியாகப் பதிந்த படகு

டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே விக்ரம் குனிந்து சர்வரின் பிளக்கைப் பிடுங்கினான்.

ஷெரினுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஏறாதா பின்னே? மூன்று வாரமாக அவள் மாரடித்த வேலை. நாலு மணிக்கு முதலாளி சந்தனசாமியிடம் ரிப்போர்ட் கொடுத்தாக வேண்டும். அவளும் விக்ரமும் அந்தப் புதுக்கோட்டைக் கம்பெனியில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். இந்த வேலை தனக்கு வரவில்லையே என்ற வயிற்றெரிச்சல் அவனுக்கு, வேறென்ன என்று நினைத்தாள்.

வேலை இதுதான். மணமேல்குடிக் கரையில் எந்தப் படகு, எத்தனை பேர் என்று இவர்கள் கம்பெனியின் டேட்டாபேஸில் பதிந்த பிறகுதான் கடலுக்கு அனுப்புவார்கள். படகு திரும்பவில்லை என்றால் அந்தப் பதிவை வைத்துத்தான் தேடவே கிளம்புவார்கள். அதே ஏற்பாடு இன்னும் பத்துக் கரைகளுக்குப் போகப்போகிறது. அந்தக் கம்ப்யூட்டர்களில், டிஸ்கில் எழுதுவது உட்பட எல்லாவற்றையும் அடியில் இருந்து நடத்துகிற லினக்ஸ் கெர்னலின் எந்த வெர்ஷனைப் போடுவது? ஷெரின் அளந்து சொல்ல வேண்டும்.

அளந்தாள். ஒரே மெஷின், ஒரே டிஸ்க், ஐந்து வெர்ஷன், ஒவ்வொன்றுக்கும் இருபது ஓட்டம். மணமேல்குடியில் இப்போது இருக்கிற பழைய வெர்ஷன் நொடிக்கு நாலாயிரம் பதிவு என்று பறந்தது. புதுசுகள் ஆயிரத்தைத் தொடவே முக்கின. பழசையே போடலாம் என்று ரிப்போர்ட்டும் எழுதிவிட்டு, கடைசியாக ஒரு தடவை அதை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குப் பிடுங்கின?" என்றாள்.

"மணமேல்குடில யுபிஎஸ் பாட்டரி செத்துக் கெடக்கு. கரண்டு போனா என்னாகும்னு பாத்தியா?"

"ரெண்டு வருஷமா அதுதான ஓடுது? ஒரு கம்ப்ளைண்ட் வந்திருக்கா?"

அவன் பிளக்கைத் திரும்ப மாட்டினான். 'பதிந்தாயிற்று' என்று சர்வர் சொன்ன ஒவ்வொன்றையும் தன் லேப்டாப்பில் பிடித்து வைத்திருந்தான். மெஷின் மறுபடி எழுந்ததும் இரண்டையும் ஒத்துப் பார்த்தார்கள். கடைசி சில நொடிகளில் பதிந்ததாகச் சொன்ன அத்தனையும் காணோம். டிஸ்கில் எழுதுவதற்கு முன்னாலேயே 'எழுதிட்டேன்' என்று பழைய கெர்னல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பொய் சொல்ல எவ்வளவு நேரம் ஆகப்போகிறது?

அடுத்து புது வெர்ஷன். இந்தத் தடவை ஷெரினே பிளக்கைப் பிடுங்கினாள். ஒரு தடவை இல்லை, ஏழு தடவை. ஒரு பதிவுகூடத் தவறவில்லை. ஆமை ஆமை என்று அவள் மூன்று வாரம் திட்டிய கெர்னல், ஒவ்வொரு படகும் டிஸ்கில் ஏறி முடிகிறவரை பொறுமையாக நின்றிருக்கிறது. அதைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. விக்ரமைப் பற்றி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

அப்புறம்தான் அது உறைத்தது. மணமேல்குடி ஆபீஸில் கரண்டு போகாத நாளே கிடையாது. இந்த இரண்டு வருஷத்தில் எத்தனை படகு பதிவே இல்லாமல் கடலில் இருந்திருக்கும்?

அங்கே படகுகளைப் பதிகிற மணிமேகலைக்குப் போன் போட்டாள்.

"அக்கா, கரண்டு போயிட்டு வந்தா படகு ஏதாச்சும் விட்டுப்போகுதா?"

"போகுந்தான். கடைசியா ஏத்தின ஒண்ணு ரெண்டு இருக்காது. ஞாபகத்துல வச்சிருந்து திரும்ப ஏத்திருவேன்."

ஒரே ஒரு நாள் மட்டும் எந்தப் படகு என்று பிடிபடவில்லையாம். உச்சி வெயிலில் கரை நெடுக நடந்து, கடலுக்குப் போகாமல் கிடந்த படகுகளையும் பதிவில் இருந்தவற்றையும் ஊரின் மொத்தப் பட்டியலில் ஒவ்வொன்றாகக் கழித்து, விட்டுப்போன அந்த ஒன்றைக் கண்டுபிடித்தாளாம். கடைக்குப் போய்வந்த கதை மாதிரி சாவகாசமாகச் சொன்னாள்.

"ரெண்டு வருஷமாவா? ஏங்க்கா எங்ககிட்டச் சொல்லல?"

"நீங்க இங்கிட்டு வந்து இந்தக் கம்ப்யூட்டர மாட்டிக் குடுத்த அன்னிக்கு, 'இதுதாங்க்கா நான் செஞ்ச மொத வேலை'ன்னு அம்புட்டு சந்தோசமாச் சொன்னீங்க. ஒங்ககிட்டப் போயி அத எப்படிங்க சொல்றது?"